வானொலிக்கு யார் காசு கொடுப்பது?

பொது ஒலிபரப்புக்கு ஆகும் செலவைக் கட்டாயக் கட்டணமாக எல்லாரிடமும் தண்டுவதா, விரும்புவோரிடம் மட்டும் சந்தாவாகப் பெறுவதா என்னும் வழக்கு பிரிட்டனில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. அயல்வீட்டு வழக்கு என்று நாம் அதைக் கடந்துவிடுகிறோம். ஆனால் இவ்விரு வழிகளையும், இவற்றில் அடங்காத மூன்றாவது வழியொன்றையும் நம் நாடு 1938க்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டது.

சந்தா வழி சென்னையில் தொடங்கியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே மாதம் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம், அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. ஆர்வலர்களான உறுப்பினர்களின் பணமே அதன் மூச்சு. 1927இல் பணமுடையால் கழகம் ஓய்ந்தது. காற்றில் வருவதை உறுப்பினரல்லாதவரும் கேட்கலாம். கேட்பதைத் தடுக்க அன்று கருவியில்லை. அப்படியிருக்கச் சந்தா கட்டுபவர் சிலராகவே இருந்ததில் வியப்பில்லை.

அதே 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி நிலையங்களைத் திறந்தது. வானொலிப் பெட்டிக்கு ஆண்டுக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ். அதில் எண்பது விழுக்காடு கம்பெனிக்கு. லைசென்ஸ்கள் ஏறத்தாழ எட்டாயிரத்தோடு நின்றுவிட்டன. லைசென்ஸ் இன்றிக் கேட்டவர் பலர். 1930 மார்ச்சில் கம்பெனி கலைக்கப்பட, அரசு அதனை ஏற்றது. 1931 அக்டோபரில் அரசும் மூடுவதாக அறிவித்து, எதிர்ப்புக் கண்டு அடுத்த மாதமே பின்வாங்கியது. லைசென்ஸ் இல்லாமல் பெட்டி வைத்திருப்பதையே குற்றமாக்கிய 1933ஆம் ஆண்டின் சட்டம் 1934 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பின்னரே கட்டாயம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டாயிற்று.

மூன்றாவது வழியும் சென்னையுடையதே. கழகத்தின் கருவியைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தானே ஒலிபரப்பத் தொடங்கியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நின்றன. பெட்டி வாங்க வழியற்றவரும் மணலில் அமர்ந்து சங்கீதம் கேட்டனர். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை வரிப்பணத்தில் அது நடந்தது.

விடுதலைக்குப் பின் லைசென்ஸ் கட்டணம் ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய் என்றாயிற்று. தபால் நிலையத்தில் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் பதிவுசெய்துகொள்ள வேண்டும், தவறினால் அபராதம். இந்த ஏற்பாட்டை வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலைப்பக்கம் அமைந்த கணியம்பாடியில் நின்று எண்ணிப் பார்ப்போம். பம்புசெட்டும் நஞ்சையும் உடையவருக்கும் பதினைந்து ரூபாய். அவர் நிலத்தில் களையெடுப்பவருக்கும் பதினைந்து ரூபாய். ஆளின் வலிமை பாராமல் ஒரே தொகையைத் தண்டும் வரி எளியவரையே அதிகம் அழுத்தும். பஞ்சாயத்து வானொலி அக்குறையை ஓரளவு தீர்த்தது; ஒரு பெட்டியும் ஓர் ஒலிபெருக்கியும் ஊர் முழுவதற்கும் போதுமானதாயிற்று.

1985இல் லைசென்ஸ் முறை ஒழிந்தது. மக்கள் மகிழ்ந்தனர், மகிழ்ந்ததில் பிழையில்லை. ஆனால் அந்தப் பதினைந்து ரூபாயோடு, ‘என் காசில் நடப்பது’ என்று கேட்பவர் சொல்லக்கூடிய நேரடி உரிமையும் போயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டம் 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் கட்டண வருவாய் ‘ஏதேனும் இருப்பின்’ அதைக் கழகத்துக்கு அளிக்கலாம் என்று அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு பேசுகிறது. ஒழிந்துபோன கட்டணத்தின் நிழல் அது. மற்றத் தொகைகளையும் மைய அரசு ஆண்டுதோறும் ‘அளிக்கலாம்’ என்றே உள்ளது. ‘அளிக்க வேண்டும்’ என்றில்லை. தன்னாட்சி என்று பெயர் சூட்டி, சோற்றுப் பானையை மட்டும் அடுத்த வீட்டில் வைத்ததற்கு ஒப்பாகும் இது.

அப்படியானால் சந்தாவுக்குத் திரும்பலாமா? இன்று பணம் கட்டாதவருக்கு ஒளிபரப்பை மறைக்கக் கருவி உண்டு. கழகத்தை வீழ்த்திய தடை நீங்கிவிட்டது. ஆயினும் சந்தா ஆட்களைத் தேடிப் போகும். வீடுகள் சிதறிக் கிடக்கும் மலைச் சிற்றூர்களைத் தேடிப் போகாது. தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் 2011இல் மாதம் எழுபது ரூபாய்க்கு இணைப்புத் தரத் தொடங்கியபோதும், கம்பி இழுக்க ஆள்நெருக்கம் வேண்டியிருந்தது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய, மாதக் கட்டணமில்லாத வானலைத் தட்டுச் சேவைக்கு மலையும் மடுவும் ஒன்றே. அதில் தனியார் அலைவரிசைகள் ஏலத்தில் இடம்பிடிக்கின்றன. அவை கட்டும் பணம் பொது நிறுவனத்துக்கு வருகிறது. எனினும் ஏலம் எடுப்பவரும் இறுதியில் விளம்பரக்காரரை நம்பியவரே. மலைத் தினையின் விலைநிலவரமும் மழை எச்சரிக்கையும் விளம்பரக்காரருக்குச் சரக்கல்ல.

ஜெர்மனி 2013 முதல் வீட்டுக்கொரு கட்டணம் என்று வகுத்தது. பிரான்ஸ் 2022இல் கட்டணத்தை நீக்கிப் பொது வரிக்கு மாறியது. நமக்குப் பொருந்துவது சென்னை மாநகராட்சி காட்டிய பொது வரி வழியே என்பது எங்கள் துணிபு. ஆனால் அத்தொகை ஆண்டுதோறும் அமைச்சகத்தின் மனம்போல் அளக்கப்படாமல், பல்லாண்டுகளுக்கு நாடாளுமன்றத்தால் உறுதிசெய்யப்பட வேண்டும். ‘வானலைகள் பொதுச்சொத்து’ என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்தைப் பேணுவதற்கான பணம் ஆளும் கட்சியின் தயவாக இருத்தலாகாது. 17ஆம் பிரிவில் ‘கலாம்’ என்றிருப்பதை ‘வேண்டும்’ என்று மாற்றுவதிலிருந்து இதைத் தொடங்கலாம்.