தாம்பரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் நானும் துணைவியாரும் பேரனோடு ராமேஸ்வரம் போய் வந்தோம். எழும்பூர் வரை அலையவில்லை, தாம்பரத்திலேயே ரயில் ஏறினோம். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கிய ரயில் இது. பழைய பாலம் 1914-இல் வந்தது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி இரண்டு இறக்கையாக விரியும், ஆட்கள் கையால் சுற்றித்தான் திறப்பார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு அப்படியே நேராக மேலே எழும்புகிறது.

நம் ஊருக்கும் அந்தத் தீவுக்கும் உறவு புதிதல்ல. அந்தக் காலத்து போட் மெயில் எழும்பூரில் கிளம்பி, தாம்பரம் வழியாகத்தான் தனுஷ்கோடி போகும். அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார், மறுபடி ரயில், பிறகு கொழும்பு. எழும்பூரிலேயே கொழும்புக்கு டிக்கெட் வாங்கலாம்!

தீவில் கோயிலும் இருபத்திரண்டு தீர்த்தமும் பிரகாரமும் எல்லோரும் பார்ப்பதுதான். அதோடு நிற்காதீர்கள். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் பண்ணைகளைப் பாருங்கள். பேய்க்கரும்பில் கலாம் ஐயாவின் நினைவிடம் இருக்கிறது. குந்துகாலில், 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை இருக்கிறது. தனுஷ்கோடி போகும் வழியில் இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் நீரிணை, குளம் மாதிரி கிடக்கும். அதைப் பெண் கடல் என்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, இரைந்துகொண்டே இருக்கும். அது ஆண் கடல். நடுவில் மணலைக் கொஞ்சம் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறுகிறது. மீனவக் குடும்பங்கள் இன்றும் அதைத்தான் இறைக்கின்றன. "ஆளில்லாத ஊர்" என்று சொல்லாதீர்கள்.

1964 டிசம்பர் 22 இரவு புயலும் கடலும் தனுஷ்கோடியைக் கொண்டுபோயின. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், ஊரை நெருங்கும் நேரத்தில் அலையில் போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. இடிந்த ரயில் நிலையத்தின் முன்னால் பிள்ளைகள் சிரித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பேரன், "தாத்தா, அப்புறம் கப்பல் நின்னுபோச்சா?" என்றான்.

நிற்கவில்லை. புயலுக்கு 53 நாள் முன்னால்தான், அக்டோபர் 30 அன்று, சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பது என்று முடிவு. தனுஷ்கோடி துறை போய்விட்டதால், பின்னாளில் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், கண்ணால் பார்த்திராத "தாய்நாட்டில்" அங்கேதான் இறங்கினார்கள். பலருக்கு அடுத்த இடம் மண்டபம் முகாம்.

இதைச் சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் உண்டு.

நாற்பது வருடத்துக்கு முன், வகுப்பில் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். அப்பாவுக்குப் பல்லாவரம் பக்கம் கல் உடைக்கிற வேலை. "சார், அதுல எங்க அப்பாவும் ஒருத்தர். கப்பல்ல வந்தாராம்" என்றான். பாடம் முடிக்கிற அவசரம் எனக்கு. "சரி, உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டான். அதன்பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. வரலாறு வகுப்புக்குள் தானாக நடந்து வந்தது, நான்தான் உட்காரச் சொல்லிவிட்டேன்.

ராமேஸ்வரம் கரையில் நின்றபோது அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. தம்பி, எங்கே இருந்தாலும் சரி, இதைப் படித்தால் இப்போது சொல். அப்பா கப்பலில் என்ன கொண்டுவந்தார்? கரையில் இறங்கியதும் அவரை யார் வரவேற்றார்கள்?

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் போட் மெயிலிலோ அந்தக் கப்பலிலோ வந்த பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தனுஷ்கோடி போனால் அந்த ரயில் நிலையத்தின் முன் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். படம் அப்புறம் எடுக்கலாம்.