பட்ஜெட்டுக்குள் ஒளித்த சட்டங்கள்

காஞ்சிபுரத்துக்காரர் அண்ணா 1962ல் சொந்த ஊரிலேயே சட்டமன்றத் தேர்தலில் தோற்றார். அப்புறம் ராஜ்யசபாவுக்குப் போனார். திராவிட நாடு கேட்டு அவர் அங்கே பேசிய பேச்சை இன்னும் சொல்கிறார்கள். ஆனா பண மசோதா வந்தால் எப்பேர்ப்பட்ட பேச்சாளருக்கும் அந்தச் சபையில் கை கட்டுதான். 14 நாளுக்குள் திருப்பி அனுப்பணும். சொல்கிற திருத்தத்தை லோக்சபா ஏற்கலாம், தள்ளலாம்.

இந்த வழியில்தான் 2017 நிதி மசோதா போனது. பேருக்கு வரி மசோதா. உள்ளே தேர்தல் பத்திரம். போதாததற்கு மார்ச் 21 அன்று திருத்தமாக வந்தவை: பான் எண்ணுக்கு ஆதார் கட்டாயம், கட்சிகளுக்குக் கம்பெனிகள் தரும் நன்கொடையின் 7.5 சதவீத வரம்பு நீக்கம், தீர்ப்பாயங்கள் இணைப்பு. அப்போ ஆளுங்கட்சிக்கு ராஜ்யசபாவில் பெரும்பான்மை இல்லை, கவனிங்க. அந்தச் சபை 5 திருத்தம் சொன்னது. மறுநாளே லோக்சபா ஐந்தையும் தள்ளியது.

சபாநாயகர் சான்று கொடுத்தால் அதுவே இறுதி என்றது அரசு. 110வது பிரிவில் 'மட்டும்' என்று ஒரு சொல் இருக்கே என்றன எதிர்க்கட்சிகள். நான் அந்த 'மட்டும்' பக்கம். இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை இப்படி ஒட்டவைப்பதை எதிர்த்து 1702லேயே தீர்மானம் போட்டிருக்கிறது.

2019ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாய விதிகளை ரத்து செய்துவிட்டு, பண மசோதா கேள்வியை ஏழு நீதிபதிகளுக்கு அனுப்பியது. 2024 பிப்ரவரி 15ல் தேர்தல் பத்திரமே ரத்தானது. அந்தத் தீர்ப்பும் இந்தக் கேள்வியைத் தொடவில்லை.