ஞானஸ்நானப் புத்தகத்தில் என் பாட்டன்

நமக்கு வரலாறு இல்லை என்று சொல்கிறவன் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறான். செப்பேடு, தானசாசனம், பட்டா, கிரயப் பத்திரம். அவற்றில் நம் பெயர் இருக்காது. இருந்தாலும் நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து விற்கப்பட்ட அடிமை ஆளாகத்தான் இருக்கும். அப்படியானால் சேரியில் பிறந்த ஒருவன் தன் பாட்டனையும் முப்பாட்டனையும் எந்தக் காகிதத்தில் தேடுவது? அப்படித் தேடிக் கிடைக்கிற காகிதம் அவனை என்ன செய்யும்? இந்த இரண்டு கேள்விகளையும் கொல்லிமலையை முன்வைத்துக் கேட்கிறேன். மலையடிவாரத்தில், ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு சேரிதான் என் ஊர்.

கொல்லிமலையில் இரண்டு வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று ஜெஸ்ஸி பிராண்ட், இன்னொன்று அவர் மனைவி ஈவ்லின். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த இவர்கள் 1913இல் கல்யாணம் முடித்த கையோடு மலையேறினார்கள். பள்ளிக்கூடமும் வைத்தியமுமாக வேலை செய்தார்கள். 1929 ஜூன் 15இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் செத்துப்போனார். ஈவ்லின் வயதான பிறகு மலைக்கே திரும்பி வந்து, 1974இல் 95ஆம் வயதில் இறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், 1914இல் பிறந்த இவர்கள் மகன். சின்ன வயதில் இந்த மலையில்தான் வளர்ந்தார். இந்தக் குடும்பத்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. யார் எப்போது பிறந்தார், எந்தக் காய்ச்சலில் செத்தார் என்பது வரை தெரிகிறது. அந்தக் காலத்தில் மூட்டையும் டோலியும் தூக்கி மலையேறிய தோள்களுக்குக் கல் நட்டவர் யாருமில்லை.

இது வெள்ளைத்தோல், கறுப்புத்தோல் விவகாரம் மட்டுமல்ல. ஒரு சமூகம் தன் ஏழையின் பெயரை எழுதியதா இல்லையா என்கிற விவகாரம். 1538இல் எட்டாம் ஹென்றியின் மந்திரி தாமஸ் கிராம்வெல் ஓர் உத்தரவு போட்டார். இங்கிலாந்தின் ஒவ்வொரு கோயில் பங்கிலும் ஒரு புத்தகம் வைக்க வேண்டும். அந்த வாரம் நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஞாயிற்றுக்கிழமை அதில் எழுத வேண்டும். பூட்டுப் போட்ட பெட்டிக்குள் அதைப் பத்திரப்படுத்த வேண்டும். 1598இல் தோல் ஏட்டில் எழுதச் சொன்னார்கள். 1813 முதல் அச்சடித்த படிவம் வந்தது. தகப்பன் என்ன வேலை செய்கிறான் என்பதற்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. இதனால் சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லாத பண்ணைக் கூலியின் பேரனும், ஊர்க் கோயில் புத்தகத்தைப் புரட்டிப் பத்துத் தலைமுறை பின்னால் போக முடிகிறது.

அன்பினால் எழுதினார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்யாணம் ஆகாதவளுக்குப் பிறந்த குழந்தையை அந்தப் புத்தகம் 'முறை தவறிப் பிறந்தது' என்று குறி வைத்தது. எந்த ஏழைக்கு எந்த ஊர் கஞ்சி ஊற்ற வேண்டும், எவனை ஊரைவிட்டுத் துரத்தலாம் என்பதை 1662இல் சட்டமாகவே போட்டார்கள். அந்தக் கணக்குக்கும் இந்தப் பதிவுகள் உதவின. ஆனாலும் எழுதினார்கள்.

நம் ஊரில் என்ன நடந்தது? நிலம் உள்ளவனுக்குக் கர்ணம் கணக்கு எழுதினான். நிலம் இல்லாதவனுக்குக் கணக்கில் வேலையில்லை. பிறப்பு இறப்பைப் பதிகிற சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1899இல் வந்தது. ஊரில் சாவு விழுந்தால் மணியக்காரனிடம் ஓடிப்போய்ச் சொல்வது யார்? நம் வெட்டியான்தான். குழி வெட்டுவதும் அவன்தான். ஊர்ச் சாவையெல்லாம் சொல்லி எழுத வைத்தவன் வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறந்த தேதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாய்க்கு வந்த தேதியை எழுதுவார். எங்கள் சேரியில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். "ஜூன்ல பள்ளிக்கூடந்தான் தொறக்கும், புள்ள கூடவா பொறக்கும்?" என்று என் அப்பாயி சிரிப்பாள்.

அப்பாயிக்குத் தெரிந்த வரலாறு தாது வருசப் பஞ்சத்தில் தொடங்கும். "மண்ணத் தின்னுட்டுக் கெடந்தாங்க சாமி. வேதக்கோயில்ல கஞ்சி ஊத்துனாங்க. கஞ்சிக்குப் போனோம், அப்பறம் வேதத்துக்கும் போனோம்" என்பாள். 1876-78 பஞ்சம் அது. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 19 லட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். 1881இல் 16 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. பத்து வருடத்தில் மூன்றரை லட்சம் குறைவு. பசியில் செத்தவர்களும் பஞ்சம் பிழைக்கப் போனவர்களும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். அதில் என் ஜனம் யார் யார் என்று கணக்கெடுப்பு சொல்லாது.

கோயில் புத்தகம் சொன்னது. எந்தப் பங்கு என்பதை இங்கே எழுதவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பிரெஞ்சு சாமியார்கள் காலத்துப் புத்தகம். பழுப்பேறி, ஓரம் செல்லரித்து, பூராவும் லத்தீன். லத்தீன் படித்த ஒரு வயதான சாமியார் மூன்று மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், ஊர், தேதி, சாமியார் கையெழுத்து. பெயருக்குப் பக்கத்தில் சாதி. கோயிலுக்குள் அவர்களுக்கு ஒரு பக்கம் நமக்கு ஒரு பக்கம், கல்லறைத் தோட்டமும் வேறே. ஆனால் புத்தகம் ஒன்றுதான். ஒரே புத்தகத்துக்குள் சாதியை எழுதித்தான் நம்மைப் பிரித்தார்கள். அப்படிப் பிரித்து எழுதியதால்தான் நூறு வருடம் கழித்து என் ஜனத்தை நான் அடையாளம் கண்டேன்.

பாட்டனின் பதிவு 1911. பஞ்ச காலத்தில் வளர்ந்த பெண்ணாக ஞானஸ்நானம் வாங்கிய அவர் ஆயாளின் பதிவும் கிடைத்தது. அதில் அவளுடைய தாய் தகப்பன் பெயர் இருக்கிறது. வேதத்துக்கு வராதவர்கள், பழைய பெயர்கள், மண்ணின் பெயர்கள். அதற்கு மேலே ஒன்றுமில்லை. என் குடும்பத்துக்கு எழுத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னொன்றும் கிடைத்தது. கத்தோலிக்கப் புத்தகத்தில், ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அவர்களுக்குப் பின்னாளில் நடந்த கல்யாணத்தையும் குறிப்பார்கள். பாட்டனின் அக்காள் பெயருக்கு எதிரே, இலங்கையில் ஒரு கோயிலில் கல்யாணம் நடந்ததாகப் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. "கண்டிச் சீமைக்குப் போன அத்தை ஒருத்தி இருந்தா. போனவ போனவதான்" என்று அப்பாயி சொன்னதைக் கதை என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள். அது கதையில்லை.

சீமைக்குப் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு இன்னொரு காகிதமும் உண்டு. 1860இல் மதராசிலிருந்து டர்பனுக்குப் போன 'ட்ரூரோ' தொடங்கி, 1911 வரை நேட்டாலுக்கு 1,52,184 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. கர்ணம் எழுதாத பெயரைக் கரும்புத் தோட்ட முதலாளிக்காக எழுதினார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! உழைப்பைப் பிழிய ஒருவன் எழுதினான், ஆத்துமாவைக் கணக்கு வைக்க ஒருவன் எழுதினான். நாமாக நம்மை எழுதிக்கொள்ளவில்லை, எழுதவும் விடவில்லை.

மறுபடி மலைக்கு வருகிறேன். மலைமேல் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிகள். மலையை ஆள்கிற மலையாளி, கேரளத்துக்காரர் அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து சாமியைச் சுமந்துகொண்டு வந்த அண்ணன் தம்பி மூன்று பேரின் வாரிசு என்பது அவர்கள் வாய்மொழி வரலாறு. பிராண்ட் வந்து பல வருடம் யாரும் அவர் பக்கம் சேரவில்லை. முதல் உலகப்போர் முடிகிற சமயத்தில் விஷக்காய்ச்சல் மலையிலும் பரவியது. அவரை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் நோயில் விழுந்தார். ஊர் ஒதுங்கியது. பிராண்ட் பார்த்துக்கொண்டார். சாகும்போது அந்தப் பூசாரி தன் பெண்குழந்தையை பிராண்ட் குடும்பத்திடம் ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் சபை உண்டானது. பாப்டிஸ்டுகள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. வளர்ந்தவர்கள் சம்மதித்து முழுக்கு எடுக்க வேண்டும். ஆகவே அவர்கள் முழுக்குப் பதிவில் பிறந்த தேதியைத் தேடிப் பயனில்லை, ஒருவர் துணிந்த தேதியைத் தேடலாம்.

இங்கேதான் சட்டம் நுழைகிறது. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் சேர மாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. பழங்குடிப் பட்டியலுக்கு இப்படி மத நிபந்தனை கிடையாது. மலைமேல் முழுக்கு எடுத்த மலையாளியின் பேரன் பழங்குடியாகவே இருக்கிறான். அடிவாரத்தில் ஞானஸ்நானம் வாங்கிய பறையரின் பேரன் பட்டியல் சாதி இல்லை, பிற்படுத்தப்பட்டவன். ஒரே வேதம், இரண்டு சட்டம். மலைக்காரருக்குக் கிடைத்ததை நாம் குறை சொல்லவில்லை. அது அவர்கள் உரிமை. ஞானஸ்நானத் தண்ணீரில் நம் சாதி மட்டும் கரைந்துபோனது என்று எந்த ஊர்த் தெரு ஒப்புக்கொள்கிறது? சொந்தக் கோயிலின் கல்லறைத் தோட்டமே ஒப்புக்கொள்ளவில்லையே!

அதனால்தான் எங்கள் ஜனங்களில் பலருக்கு இரண்டு பெயர். கோயிலில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. அவர் குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானமும் அங்கே சாட்சியாக நின்றது. ஆதாயத்துக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றார்கள். என் குடும்பத்தின் ஒரே வரலாற்று ஆவணம், என் உறவுக்காரப் பிள்ளையின் படிப்பையும் வேலையையும் பறிக்கக்கூடிய ஆவணமும்தான். பங்கின் பெயரையும் பாட்டனின் பெயரையும் நான் இங்கே எழுதாததற்குக் காரணம் இதுதான். வெள்ளைக்காரன் தன் முப்பாட்டன் பெயரைச் சட்டம் போட்டு மாட்டுகிறான். நான் மறைத்து வைக்க வேண்டியிருக்கிறது.

அதற்காகத் தேடாமல் இருக்க முடியுமா? 1892இல் அரசாணை 1010 மூலம் நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி, 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த நிலம் எந்தப் பாட்டனுக்குக் கொடுத்தது, அவர் வாரிசு யார் என்று நாம்தான் காட்ட வேண்டும். வம்சம் தெரியாதவன் நிலம் கேட்க முடியாது.

தோழர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். கோயில் புத்தகங்கள் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. லத்தீன் தெரிந்த கிழவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்பாயிகளும் போய்க்கொண்டிருக்கிறார்கள். சேரிக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். வீட்டில் கூப்பிட்ட பெயர், கோயிலில் வைத்த பெயர், பள்ளிக்கூடத்தில் எழுதிய பெயர், தாய் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், யாரிடம் பண்ணையம் செய்தார்கள், எங்கே புதைத்தோம். தாய் பெயரை விட்டுவிடாதீர்கள். முதலில் கிழவிகளிடம் கேளுங்கள், அப்புறம் புத்தகத்தைப் புரட்டுங்கள். கிழவி சொன்ன அத்தை இருந்தால்தான் ஓரத்துப் பொடி எழுத்து கண்ணில் படும். அந்த நோட்டு மடத்துக்கும் போக வேண்டாம், தாலுகா ஆபீசுக்கும் போக வேண்டாம். 1950 ஆணையின் அந்த நிபந்தனை நீங்குகிற வரை, சேரியிலேயே, நம் கையிலேயே இருக்கட்டும்.