ஓக்லாப் புகையும் நம் வீட்டுக் குப்பையும்

ஊருக்குப் புறப்படும் தென்னாட்டு ரயிலில் ஏறி அமர்ந்து, நிஜாமுத்தீனைத் தாண்டிச் சிறிது நேரம் சென்றால் ஓக்லா நிலையம் வரும். அதற்குக் கிழக்கே, மதுரா சாலைக்கு அப்பால், ஒரு குப்பை எரி ஆலை இருக்கிறது. அதை எதிர்த்து நின்ற மக்களின் வரலாற்றை நம் சங்கத்து மலரில் எழுத விழைவதற்குக் காரணம் உண்டு. அந்த உலைக்கு இரையாவது தலைநகர் வாழ் மக்களாகிய நாம் அன்றாடம் வாசலில் வைக்கும் குப்பையே.

இக்கதையின் தொடக்கம் ஓக்லாவில் இல்லை. வடதில்லியில் உள்ள திமார்ப்பூரில் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டு அங்கே டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு ஓர் ஆலை நிறுவப்பெற்றது. நாள்தோறும் 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுப்பது திட்டம். ஆலையோ 21 நாள் சோதனை ஓட்டத்திற்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. டென்மார்க் மக்களின் குப்பையில் காகிதமும் அட்டையும் மிகுதி; நம் குப்பையிலோ காய்கறித் தோலும் எஞ்சிய சோறும் தெருமண்ணும் மிகுதி. ஈரக் குப்பையில் எரிவதற்கு வேண்டிய வெப்பம் இல்லை. மேல்நாட்டு அடுப்பை வாங்கியவர்கள் நம் நாட்டு விறகைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதே இதன் சாரம்.

இப்படிப்பினை இருந்தும், இருபது ஆண்டுகளுக்குள் மீண்டும் ஓர் எரி ஆலைக்குத் திட்டம் தீட்டப்பெற்றது. அதற்கென வகுத்த இடம் ஓக்லா. பக்கத்திலேயே சுக்தேவ் விஹார், ஹாஜி காலனி, ஜசோலா முதலிய குடியிருப்புகள். மருத்துவமனைகளும் தொலைவில் இல்லை. இவ்வளவு நெருக்கமான இடத்தில் புகைபோக்கி எழுவதை அறிந்த சுக்தேவ் விஹார் மக்கள் 2009 ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினர். அனுமதிக்காகக் காகிதத்தில் காட்டிய முறை ஒன்று, உண்மையில் எழுப்பும் உலை வேறொன்று என்பது அவர்கள் வைத்த முக்கியமான முறையீடு. அப்போது மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ், 2011 ஆம் ஆண்டு இவ்வாலை குறித்துத் தில்லி முதலமைச்சர் ஷீலா தீட்சித்துக்குக் கடிதமும் எழுதினார்.

மக்கள் அஞ்சியதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக்கு கலந்த குப்பை சரியான வெப்பமின்றி எரிந்தால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது. அது கண்ணுக்குப் புலப்படாது. மிகச் சிறிய அளவிலும் தீங்கு செய்யும். உடற்கொழுப்பில் தங்கிப் பல்லாண்டு நீங்காது. அதனாலன்றோ ஒரு கனமீட்டர் புகையில் 0.1 நானோகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என நம் நாட்டு விதிகள் வரையறுத்துள்ளன! எதிர்த்தோர் வரிசையில் காலனிவாசிகள் மட்டும் நிற்கவில்லை. காகிதமும் பிளாஸ்டிக்கும் உலைக்குள் போனால் தம் அன்றாடக் கூலி போய்விடும் என்று கலங்கிய குப்பை பொறுக்கும் தொழிலாளரும் நின்றனர்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2012 ஆம் ஆண்டு தொடக்கத்தில், 16 மெகாவாட் திறனுள்ள அவ்வாலை இயங்கத் தொடங்கிவிட்டது. 2013 ஆம் ஆண்டு வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்திற்கு மாற்றப்பெற்றது. 2017 பிப்ரவரி 2 ஆம் நாள் தீர்ப்பு வந்தது. முன்பு வரம்பு மீறிப் புகை வெளியிட்டதற்காக ஆலை 25 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும். ஆனால் ஆலை தொடர்ந்து இயங்கலாம் என்பது முடிவு. எட்டாண்டு அலைந்த மக்கள் விரும்பிய பலன் கிட்டவில்லை.

இவ்விடத்தில் ஒரு குமாஸ்தாவின் அனுபவத்தைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். சரக்கு அலுவலகத்தில் என் நாள்கள் வேகன் கணக்கிலேயே கழிகின்றன. சரக்கு ஏற்றுவதற்கு முன் ரசீதில் உள்ள பிழையைத் திருத்த ஒரு கோடு போதும். வண்டி புறப்பட்ட பின் அதே பிழையைத் திருத்துவதற்குக் கடிதம், டெமரேஜ், மேலதிகாரியின் கோபம் அத்தனையும் வேண்டியிருக்கும். ஆலைகளின் கதையும் இதுவே. சுக்தேவ் விஹார் மக்கள் சோம்பியிருந்தவர் அல்லர். ஆனால் திட்டம் வெகுதூரம் சென்ற பின்னரே அவர்கள் குரல் நீதிமன்றத்தில் ஒலித்தது. தீர்ப்பு வந்த நாளில் உலை ஐந்தாண்டு எரிந்துவிட்டது. எரிகின்ற உலையை அணைக்கச் சொல்ல எந்த நீதிபதியும் தயங்குவார். ஏனெனில் அணைத்தால் அன்றாடம் வரும் குப்பை எங்கே போகும் என்ற கேள்வி உடனே எழும்.

காகிதத்தில் இருக்கும்போதே கேட்பதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, இத்தகைய திட்டங்களுக்குப் பொதுவிசாரணை நடத்துமுன் குறைந்தது 30 நாள் இடைவெளி விட்டு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். நேரில் வந்து பேசவும் எழுத்தில் தரவும் எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் சினிமா விளம்பரத்தைப் படிக்கும் நாம் அந்தச் சிற்றெழுத்து அறிவிப்பைப் படிப்பதில்லை. 2024 ஆம் ஆண்டின் இறுதியில் பவானாவில் மேலும் ஓர் ஆலைக்காக நடந்த விசாரணையில் சுற்றுவட்டார மக்கள் திரண்டு மறுப்புத் தெரிவித்தனர். சென்னையில் கொடுங்கையூர் எரி ஆலைத் திட்டத்தை எதிர்த்து 2025 ஆம் ஆண்டு வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்து நின்றனர். நேரத்தே கேட்க வேண்டும் என்ற பாடம் பரவி வருகிறது.

எனினும் வேண்டாம் என்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுமா? எரிக்காவிட்டால் மலையாகக் குவிகிறது. காசிப்பூர்க் குப்பைமலை 2017 செப்டம்பர் 1 ஆம் நாள் சரிந்து இருவர் உயிரைப் பறித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். ஓக்லாவில் வேண்டாம் என்றால் பவானாவில், அங்கும் வேண்டாம் என்றால் வாயற்ற எளியோர் வாழும் வேறோர் இடத்தில் என்று சுமையைத் தள்ளிக்கொண்டே போவது நியாயமாகாது.

திமார்ப்பூர் உலையை அணைத்தது நம் ஈரக் குப்பை. ஓக்லா மக்களை அஞ்சச் செய்தது அதனோடு கலந்த பிளாஸ்டிக்கு. இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டியவர்கள் நாம். ஈரத்தையும் உலர்ந்ததையும் வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் விதிகள் கூறின. என் இல்லத்தரசி அதற்கு முன்பே காய்த்தோலைத் தனி வாளியில் இட்டு மக்கச் செய்து துளசிமாடத்துக்குப் போட்டு வந்தாள். நான்தான் பல நாள் சவரப் பிளேடையும் பால் உறையையும் அதே வாளியில் போட்டு ஏச்சு வாங்கியவன்.

ஆகவே நம் காலனிக் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. அறிவிப்பை நாளிதழில் கண்டவுடன் சங்கத்துப் பலகையில் ஒட்டுங்கள். ஒருவர் கண்டது அனைவரும் கண்டதாகட்டும். அடுக்களையில் இரண்டு வாளி வையுங்கள். தன் குப்பையைத் தானே பிரித்து வைத்தவன் ஆலையை எதிர்த்துப் பேசும்போது, குப்பை எங்கே போகும் என்ற கேள்விக்கும் அவனிடம் விடை இருக்கும்.