வில்னியஸைக் கண்ட கண்களும் காணாத கிதாபுகளும்

பால்டிக் கடலோர நாடுகளைப் பற்றி அரபு மொழியில் நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்புகளுள் அல்-இத்ரீஸியுடையது குறிப்பிடத்தக்கது. சிசிலித் தீவின் மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் அமர்ந்து, ஹிஜ்ரி 548இல் (கி.பி. 1154) அவர் எழுதி முடித்த ‘நுஸ்ஹத்துல் முஷ்தாக்’ என்னும் புவியியல் நூலில், எஸ்தோனிய நாட்டைக் கூறுமிடத்தில் ஒரு சிற்றூர் வருகிறது. பெரிய கோட்டையைப் போன்ற ஊர் அது, மக்கள் உழவர், வருவாய் குறைவு, கால்நடைச் செல்வம் மிகுதி. இவ்வளவே செய்தி. அது இன்றைய எஸ்தோனியத் தலைநகர் தாலின் என்று ஆய்வாளர் பலர் கருதுவர். பெயரின் எழுத்துகள் படியெடுத்தோர் கையில் திரிந்து போனதால் மறுப்போரும் உளர். இத்ரீஸி அவ்வூருக்குச் சென்றவரல்லர்; சென்று வந்தோரைக் கேட்டு எழுதியவர். அவருக்குச் செய்தி சொன்ன வணிகனின் பெயர்தானும் நமக்கு எட்டவில்லை.

அதற்குத் தெற்கே உள்ள லித்துவேனியாவின் தலைநகர் வில்னியஸ் பற்றி அந்நூலில் யாதும் இல்லை. இருப்பதற்கும் வழியில்லை. அந்நகரின் பெயர் எழுத்தில் தோன்றுவதே 1323ஆம் ஆண்டில், கெதிமினாஸ் என்னும் அரசர் ஐரோப்பிய நகரங்களுக்கு அனுப்பிய கடிதங்களில்தான். அதற்குச் சில ஆண்டுகள் பிந்தி இப்னு பதூதா வோல்கா ஆற்றங்கரையில் உஸ்பெக் கானின் அவைக்கு வந்தார். ஆனால் மேற்கே லித்துவேனியப் பக்கம் அவர் திரும்பவில்லை. அவர் கண்டு வியந்த அம்மக்களின் வழித்தோன்றல்களே இரண்டு மூன்று தலைமுறைக்குள் வில்னியஸின் சுற்றுப்புறத்தில் குடியேறிப் பாங்கொலி எழுப்பினார்கள். அவர்களைக் கண்ணால் கண்டு எழுதிய ஓர் அரபுப் பயணியும் அக்காலத்தில் நமக்கு வாய்க்கவில்லை. ஆகவே பிறர் கண்களைக் கொண்டே நாம் அவர்களைப் பார்க்க வேண்டியுள்ளது. கண்ணுக்குரியவர் யார், அவர் எதற்காக வந்தார் என்று விசாரித்த பின்பே அவர் சொல்லை ஏற்பது நம் மரபு. அறிவிப்பாளரை ஆராயாமல் அறிவிப்பை எடுப்பதில்லை.

குடியேற்றத்தின் வரலாறு சுருக்கமானது. தங்கக் கூட்டத்தின் கானாக இருந்த தோக்தமிஷ், தைமூரிடம் தோற்று, லித்துவேனியப் பெருங்கோமகன் வீத்தௌதாஸிடம் அடைக்கலம் புகுந்தார். 1397, 1398ஆம் ஆண்டுகளில் வீத்தௌதாஸ் தெற்கே படை நடத்தித் திரும்பியபோது தாத்தாரிய முஸ்லிம் குடும்பங்கள் அவருடன் வந்தன. சிலர் கைதிகள், சிலர் விரும்பி வந்த வீரர். போர்ச் சேவைக்கு ஈடாக அவர்களுக்கு நிலம் கிடைத்தது, மார்க்கத்தில் தலையிடப்படவில்லை. இங்கே ஒன்றை மறக்கலாகாது. லித்துவேனிய அரசு கத்தோலிக்கக் கிறித்தவத்தை ஏற்றதே 1387இல்தான். ஐரோப்பாவில் கடைசியாக மதம் மாறிய அரசு அது. ஆக, அந்நாட்டில் அரச சமயமான கிறித்தவத்துக்கும் குடியேறிய இஸ்லாத்துக்கும் வயது வேறுபாடு ஏறத்தாழப் பத்தே ஆண்டு.

இந்நிலையில்தான் கில்பேர் த லன்வா வருகிறார். பர்கண்டி நாட்டுப் பிரபு, போர்வீரர். 1413ஆம் ஆண்டில் ஜெர்மானியச் சிலுவைப் படை அமைப்பான தியூத்தானிய சபையுடன் சேர்ந்து போர் செய்தவர். அதன்பின் ரீகா, நோவ்கரத், ப்ஸ்கோவ் வழியாகக் குளிர்காலத்தில் வில்னியஸை அடைந்தார். மணல் குன்றின்மீது கல்லாலும் மண்ணாலும் மதிலெழுப்பிய கோட்டை, அதன் உட்புறமெல்லாம் மரக்கட்டடம்; கீழே மதிலில்லாத நீண்டு ஒடுங்கிய நகரம், மர வீடுகள், செங்கல்லாலான சில தேவாலயங்கள் என்று நகரை எழுதுகிறார். பிறகு ஏழு காத தூரம் என்று சொல்லத்தக்க திராக்காய் நகருக்குப் போகிறார். அந்நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் தாத்தாரியர் பெருந்தொகையாக வாழ்கின்றனர்; அவர்கள் முழுச் சரசேனியர், ஏசுவின் நெறியில் யாதும் அற்றவர்; தமக்கென ஒரு மொழி பேசுகின்றனர் என்று குறித்துவிட்டு, ஜெர்மானியர், லித்துவேனியர், ருசியர், யூதர் ஆகியோரும் அங்குளர் என்கிறார். சரசேனியர் என்பது அன்றைய ஐரோப்பியர் முஸ்லிம்களுக்கு இட்ட பெயர்.

படிப்பவருக்கு இது வெறும் வியப்புக் குறிப்பாகத் தோன்றலாம். அப்படியன்று. 1410 ஜூலை 15 அன்று கிரன்வால்டில் போலந்து, லித்துவேனியப் படைகள் தியூத்தானிய சபையை முறியடித்தன. தோக்தமிஷின் மகன் ஜலாலுத்தீனும் அவருடைய குதிரைப் படையும் அப்போரில் லித்துவேனியப் பக்கம் நின்றனர். தோற்ற சபை, ‘சரசேனியரைக் கொண்டு கிறித்தவரைக் கொன்றனர்’ என்று ஐரோப்பா முழுதும் குற்றம் சாட்டியது. 1414இல் தொடங்கிய கொன்ஸ்தான்ஸ் பொதுச்சங்கத்தில் வழக்கு எழுந்தபோது, போலந்தின் பாவெல் வ்லத்கோவித்ஸ் என்னும் சட்ட அறிஞர், கிறித்தவரல்லாதார்க்கும் தம் நிலத்தில் வாழும் உரிமை உண்டு என்று வாதாடினார். அந்தச் சச்சரவின் நடுவே சபையின் விருந்தினரான ஒருவர் வில்னியஸின் அருகில் முஸ்லிம்களைக் கண்டு எழுதுகிறார். இதே லன்வா 1420களில் எகிப்தையும் சிரியாவையும் சுற்றிவந்து, அவற்றின் துறைமுகங்களையும் கோட்டைகளையும் அளந்து குறித்து, எதிர்காலச் சிலுவைப் போருக்காகத் தம் மேலிடத்துக்கு அறிக்கை அளித்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அக்கண் எத்தகையது என்பது விளங்கும். ஆயினும் அவர் பொய் சொல்லவில்லை. எதிரியின் சாட்சியம் என்பதால் அதன் மதிப்பு குறைவதில்லை. கூடுகிறது என்றே நாம் கருதுகிறோம்.

நூறு ஆண்டுகள் கழித்து வந்தவர் ஹெர்பர்ஸ்டைன். ஆஸ்திரியத் தூதர், 1517இல் மாஸ்கோ செல்லும் வழியில் வில்னியஸைக் கண்டார். மாஸ்கோவைப் பற்றிய அவருடைய நூல் 1549இல் வெளிவந்தது. வில்னியஸைச் சுற்றித் தாத்தாரியர் ஊர்கள் உள்ளன, அவர்கள் நிலத்தை உழுகின்றனர், கோமகன் அழைத்தால் போருக்குச் செல்கின்றனர், தாத்தாரி மொழி பேசி முஹம்மதிய மார்க்கத்தில் இருக்கின்றனர் என்பது அவர் தரும் செய்தி. லன்வாவின் சினம் இதில் இல்லை. சரசேனியர் உழவராகிவிட்டனர். ஏறத்தாழ இதே காலத்தில், 1550 அளவில், மிகாலோ என்னும் லித்துவேனியர் எழுதிய நூல், மதுவைத் தொடாத தாத்தாரியரைக் காட்டித் தம் நாட்டாரின் குடியை இடித்துரைத்தது. அவர் கிரிமியாவில் கண்டதை வைத்துச் சொன்னார். தம்மவரைத் திருத்த நம்மவரை எடுத்துக்காட்டிய பிற சமய நூல்கள் மிகுதியில்லை.

1558இல் இஸ்தான்பூலில் எழுதப்பட்டதாகக் கூறப்படும் ‘ரிஸாலயெ தாத்தாரெ லெஹ்’ என்னும் துருக்கி மொழி ஏடு இதற்கு மறுமுனை. ஹஜ்ஜுக்குச் சென்ற லித்துவேனிய முஸ்லிம் ஒருவர் தம் நாட்டு நிலையை உதுமானிய முதலமைச்சர் ருஸ்தம் பாஷாவுக்கு விவரிப்பதாக அது அமைந்துள்ளது. தம் பள்ளிவாசல்கள் மரத்தாலானவை, தாழ்ந்தவை, மினாரா அற்றவை என்கிறது; வீத்தௌதாஸை நன்றியுடன் நினைவுகூர்கிறது. இதை 1858இல் அந்தோனி முக்லின்ஸ்கி வெளியிட்டார். மூல ஏடு பின்னர் எவர் கையிலும் அகப்படாததால் ஐயுறுவோர் உளர். சனது முறிந்த செய்தி. ஆதரவாகக் கொள்ளலாம், ஆதாரமாகக் கொள்ளலாகாது.

இனி, நாம் சொல்ல வந்தது. லன்வாவும் ஹெர்பர்ஸ்டைனும் தாத்தாரி மொழியைக் கேட்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் முடிவில் அம்மொழி அங்கே ஏறத்தாழ மறைந்துவிட்டது. அம்மக்கள் அக்கம்பக்கத்தாரைப் போல பெலாருசிய மொழியும் போலிய மொழியும் பேசலாயினர். உடையும் மாறியது. பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியாதவராயினர்; பயணிகளின் ஏடுகளிலும் மங்கினர். 1609இல் திராக்காய்ப் பள்ளிவாசல் கும்பலால் இடிக்கப்பட்டது. 1617 அளவில் வில்னியஸில் ‘அல்-ஃபுர்கான் தாத்தார்ஸ்கி’ என்று குர்ஆனின் பெயர்களுள் ஒன்றையே கேலியாகச் சூட்டிய வசை நூல் அச்சானது. மொழி போன சமூகம், தாக்கப்படும் சமூகம். மார்க்கம் எப்படி நின்றது?

எழுத்தால் நின்றது. மொழியை இழந்தவர் எழுத்தை இழக்கவில்லை. பெலாருசிய, போலிய மொழிகளையே அரபு எழுத்தில் எழுதினர். வழிபாட்டு நெறியும் நபிமார் வரலாறும் அடங்கிய ‘கிதாபு’, துஆக்களின் ‘ஹமாயில்’, குர்ஆன் வரிகளின் கீழே மொழிபெயர்ப்பு ஓடும் ‘தஃப்ஸீர்’ என மூவகை ஏடுகள் எழுந்தன. 1686ஆம் ஆண்டிட்ட மின்ஸ்க் தஃப்ஸீர் இவற்றுள் புகழ்பெற்றது. அம்மொழிபெயர்ப்பு மரபு 16ஆம் நூற்றாண்டினது என்பர். அரபில் இல்லாத ஒலிகளுக்காக தாலின் கீழும் ஸாதின் கீழும் மும்மூன்று புள்ளி இட்டுப் புதிய எழுத்துகள் ஆக்கினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற அரபுத்தமிழ் நூல்களைக் கையாண்டவர்க்கு இதில் வியப்பு இராது. நம் முன்னோரும் இவ்வாறே புள்ளியிட்டுத் தமிழின் ஒலிகளை அரபு எழுத்துக்குள் கொண்டுவந்தனர். வேற்றுமை ஒன்று உண்டு. நமக்குத் தமிழ் தாய்மொழி. அவர்களுக்கோ அது தாய்மொழி போன பின் வந்த மொழி. எனவே அவர்களின் புள்ளிகளில் கூடுதலாக ஒரு பிடிவாதம் தெரிகிறது. கிதாபுகளில் சில, 1572இல் வெளியான ஷிமோன் புத்னியின் போலிய விவிலியத்திலிருந்தும் மேற்கோள் எடுத்தாள்கின்றன. எதிர்வாதம் புரிய எதிர்த்தரப்பின் நூலைக் கற்றிருக்கிறார்கள்.

நாம் அறிந்த பயணிகள் இந்த ஏடுகளைக் கண்டதாக எழுதவில்லை. பள்ளிவாசலும் குதிரையும் தெருவில் தெரியும்; ஏடு வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும். 1915இல்தான், வில்னியஸை அடுத்த ‘நாற்பது தாத்தாரியர்’ என்னும் சிற்றூரில், இவான் லுத்ஸ்கெவிச் என்ற பெலாருசியர் ஒரு கிதாபைக் கண்டெடுத்தார். அரபு எழுத்து, அன்றைய மக்கள் பேச்சின் ஒலியை உள்ளபடி பதிந்திருந்ததால், பெலாருசிய மொழி ஆய்வாளர் அதைப் பெரும் புதையலாகக் கொண்டனர். நம்மவர் தீனுக்காகக் காத்தது, பிறர்க்கு மொழிச் செல்வமாயிற்று.

1925இல் வில்னியஸில் கூடிய மாநாடு யாக்கூப் ஷின்கெவிச்சை முஃப்தியாகத் தேர்ந்தது. கீழ்த்திசைக் கல்வியில் பெர்லினில் ஆய்வுப் பட்டம் பெற்ற அவர், போருக்குப் பின் ஊர் திரும்ப இயலாமல் 1966இல் அமெரிக்காவில் மறைந்தார். வில்னியஸின் லுகிஷ்கேஸ் பகுதியில் நேரிஸ் ஆற்றங்கரையை ஒட்டி நின்ற மரப் பள்ளிவாசலை 1968இல் சோவியத் ஆட்சி இடித்தது. கபுருஸ்தானும் அதனோடு போயிற்று. நாட்டுப்புறத்தில் நாற்பது தாத்தாரியர், நெமெஜிஸ், ரைஜேய் ஊர்களின் மரப் பள்ளிகளும், கௌனாஸ் நகரில் 1930களில் எழுந்த செங்கல் பள்ளியும் நிற்கின்றன. ரைஜேய்ப் பள்ளியின் மிம்பர் 1684ஆம் ஆண்டினது. லித்துவேனிய நாடாளுமன்றம் 2021ஐத் தாத்தாரியர் வரலாற்று, பண்பாட்டு ஆண்டாக அறிவித்தது. லுகிஷ்கேஸில் பள்ளி நின்ற இடத்தருகே ஒரு தெருவுக்கு இன்றும் ‘மெச்செத்தேஸ்’ என்றே பெயர். பள்ளிவாசல் தெரு என்பது அதன் பொருள்.