சிறுநீரகக் கல் வலி: நரம்புத்தடுப்பு மருந்துகளின் தொடக்ககால ஆய்வு

சிறுநீர்க்குழாயில் கல் அடைக்கும்போது குழாய்த்தசை இறுகுவதே வலிக்குக் காரணம் என முற்கால மருத்துவர்கள் கருதினர். தசைக்குச் செல்லும் நரம்புத் தூண்டலைத் தடுக்க, பெல்லடோனா செடியிலிருந்து பெறப்படும் அட்ரோபின் பயன்பட்டது. அதைப்போல் செயல்படும் மருந்தைத் தேடிய ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ஐஸ்லெப், 1930களின் இறுதியில் பெத்திடினை உருவாக்கினார். மருந்து செலுத்திய எலிகளின் வால், மார்ஃபின் தந்தால் நிகழ்வதுபோல், விறைத்து நிமிர்ந்ததைக் கண்ட மருந்தியலாளர் ஓட்டோ ஷௌமன், அம்மருந்து மார்ஃபினைப்போல் வலி நீக்குவதை உணர்ந்தார். தசையையும் தளர்த்தும் என்ற நம்பிக்கையில் கல் வலிக்குப் பெத்திடின் பல்லாண்டுகள் தரப்பட்டது. 1950களில் தசையிறுக்கத்தைத் தளர்த்தும் மற்றொரு நரம்புத்தடுப்பு மருந்தான ஹயோசின் பியூட்டைல்புரோமைடு வந்தது. பின்னாளில், அடைப்பால் சிறுநீரகத்துள் உயரும் அழுத்தமும் அதைக் கூட்டும் புராஸ்டகிளாண்டின் சுரப்புமே வலியின் முதன்மைக் காரணங்கள் எனத் தெளிவாயிற்று. அதனால், அச்சுரப்பைத் தடுக்கும் டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சியடக்கிகள் முதல்நிலை மருந்துகளாயின.