சம்பளம் ஒருத்தர், சாவி ஒருத்தர்

மகளுக்கு ஒன்பதாம் வகுப்பு. 1960ம் வருஷத்து கென்னடி - நிக்சன் விவாதத்தைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தயிர்சாதத் தட்டோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஊரில் டீக்கடையில் தேர்தல் பேச்சு கேட்டு வளர்ந்தவனுக்கு எந்த நாட்டுத் தேர்தல் என்றாலும் காது நீளும் :-)

அந்த விவாதம் என்றாலே நிக்சனின் வியர்த்த முகத்தையும் கென்னடியின் தோற்றத்தையும்தான் எல்லோரும் சொல்வார்கள். 1960 செப்டம்பர் 26, சிகாகோவில் நடந்தது. நடுவில் ஒரு கேள்வி வந்தது. வாத்தியார் சம்பளத்துக்கு மத்திய அரசு பணம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம் என்றார் கென்னடி. பணத்தை மாநிலங்களிடம் கொடுத்துவிடுவோம், அதைச் சம்பளத்துக்குச் செலவு செய்வது அவர்கள் பொறுப்பு என்பது அவர் வாதம். அதே வருஷம் பிப்ரவரியில் செனட்டில் இதே விஷயம் 44க்கு 44 என்று சமமாக நின்றபோது, துணை ஜனாதிபதியாக இருந்த நிக்சன்தான் எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்கடித்தார் என்று குத்தியும் காட்டினார். நிக்சனோ, பள்ளிக் கட்டடத்துக்குப் பணம் கொடுப்போம், சம்பளம் கொடுக்க ஆரம்பித்தால் என்ன பாடம் நடத்துவது என்பதிலும் மத்திய அரசு கை வைக்கும் என்றார்.

மகள் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்பா, டீச்சருக்கு சம்பளம் குடுக்கறதுல என்ன சண்டை? குடுத்தா நல்லதுதானே?"

"கண்ணு, இதே சண்டை நம்ம ஊர்ல இவங்களுக்கு முந்தியே நடந்து, ஒரு கவர்மெண்டே போயிருச்சு" என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் எல்லைப்பகுதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இது தெரிய வேண்டும்.

முதலில் நம்ம ஊர் எது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் எங்களை மலையாளத்தான் என்பார்கள், கேரளாவில் பாண்டி என்பார்கள். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை பக்கம். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எல்லாம் எங்களுக்குச் சந்தைக்குப் போகும் தூரம். தெற்கே மலைமேல் ஏறினால் இடுக்கியின் மறையூர், மூணாறு, தேவிகுளம், வண்டிப்பெரியாறு. அங்கே தேயிலைத் தோட்டத் தமிழர்கள். 1956 நவம்பர் 1ல் கேரளா உருவானபோது எல்லாம் ஒரே மாநிலமாயின. அதற்கு முன்னால் பாலக்காடு சென்னை மாநிலத்து மலபார் ஜில்லாவில், சித்தூர் கொச்சி ராஜ்யத்தில், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில். தேவிகுளம், பீர்மேடு தமிழ்நாட்டுக்கு வேண்டும் என்று பெரிய போராட்டம் நடந்தும் கேரளாவோடே நின்றன. கன்னியாகுமரிப் பக்கத்து நாலு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் மட்டும் தமிழ்நாட்டுக்குப் போயின.

மூன்று ஆட்சியிலும் ஒரு விஷயம் பொது. பள்ளிக்கூடங்களில் பெரும்பகுதி தனியார் கையில். கிறிஸ்தவ சபை, நாயர் சர்வீஸ் சொசைட்டி, ஊர்ப் பெரிய மனிதர் என்று யாராவது ஒரு மேனேஜர். அரசு மானியம் மேனேஜர் கைக்குப் போகும். வாத்தியார் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு போவார். மேனேஜருக்குப் பிடிக்காவிட்டால் மறுநாள் வேலை இல்லை. மலபாரில் 1930களிலேயே ஆசிரியர்கள் சங்கம் வைத்துப் போராடியது இதனால்தான். 1945 வாக்கில் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஆரம்பப் பள்ளிகளை அரசே எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். கத்தோலிக்க சபையின் எதிர்ப்பு பலமாக இருந்தது, நடக்கவில்லை. ஆகவே கம்யூனிஸ்டுகள் வந்துதான் சண்டை ஆரம்பித்தது என்பது சரியில்லை.

1957 தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயித்து ஏப்ரல் 5ல் ஈ.எம்.எஸ். முதல்வரானார். கல்வி மந்திரி ஜோசப் முண்டசேரி. பெரிய இலக்கிய விமர்சகர், கத்தோலிக்கர், திருச்சூர் கத்தோலிக்கக் கல்லூரியில் வேலை பார்த்தவர். அதாவது உள்ளே இருந்து பார்த்த மனிதர். சட்ட மந்திரி நம்ம பாலக்காட்டுக்காரர், வி.ஆர். கிருஷ்ணய்யர். (பின்னாளில் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானாரே, அவரேதான்.)

முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவை ஒரு பேங்க்காரன் படித்தால் மூன்று வரியில் எழுதிவிடலாம்.

ஒன்று, மானியம் வாங்கும் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசிடமிருந்து நேராக வரும்.

இரண்டு, மேனேஜர் தன் இஷ்டத்துக்கு ஆள் எடுக்க முடியாது. பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பட்டியல் போடும், இட ஒதுக்கீடும் பார்க்கும். அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்கவேண்டும். இதுதான் பின்னாளில் பேர் போன 11வது பிரிவு.

மூன்று, நிர்வாகம் சரியில்லை என்றால் அரசு பள்ளியை எடுத்துக்கொள்ளலாம்.

எதிர்த்தவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்துக் கட்டிய பள்ளிகள் அவை. பணமும் பட்டியலும் பாடப்புத்தகமும் ஒரே கட்சியின் அரசிடம் போனால் நாளைக்குப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவார்கள் என்று பயந்தார்கள். மூன்று வருஷம் கழித்து சிகாகோவில் நிக்சன் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்! நிக்சனுக்கும் கோட்டயத்துப் பாதிரியாருக்கும் ஒரே பயம் என்றால் யார் நம்புவார்கள்?

மசோதா 1957 செப்டம்பரில் சட்டசபையில் நிறைவேறியது. கவர்னர் அதை ஜனாதிபதிக்கு அனுப்பினார். ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத், அரசியல் சட்டம் 143வது பிரிவின்படி சுப்ரீம் கோர்ட்டிடம் கருத்துக் கேட்டார். நம்ம நாட்டில் ஜனாதிபதி வேட்பாளர்கள் மேடையில் நின்று விவாதிப்பதில்லை. ஆனால் ஒரு மாநிலத்துப் பள்ளிக்கூட விஷயத்தை ஜனாதிபதியே கோர்ட்டுக்கு அனுப்பியது இங்கேதான்.

1958 மே 22ல் தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் தலைமையில் ஏழு பேர் கருத்துச் சொன்னார்கள். சிறுபான்மையினர் பள்ளி நடத்த உரிமை உண்டு, பள்ளியைக் கெடுக்க உரிமை கிடையாது. 11வது பிரிவு செல்லும். ஆனால் சிறுபான்மையினர் பள்ளிகளை எடுத்துக்கொள்ளும் பிரிவுகள் அவர்கள் உரிமையை மீறுகின்றன. சாராம்சம் இவ்வளவுதான். ஒரு பகுதியில் மாறுபட்டவர் ஒருவரே, நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். அரசிடம் அங்கீகாரம் கேட்பதெல்லாம் அடிப்படை உரிமை ஆகாது என்றார். சங்கீதப் பிரியர்களுக்குத் தீட்சிதர் கீர்த்தனைகளில் பெரிய புலமை உள்ளவராக அவரைத் தெரிந்திருக்கும்.

அதே மே மாதம் நம் எல்லையிலும் ஒரு பரீட்சை நடந்தது. தேவிகுளம் தொகுதியில் 1957ல் ஜெயித்த கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, இடைத்தேர்தல் வந்தது. அரசுக்கு மயிரிழைப் பெரும்பான்மை, ஒரு இடமும் முக்கியம். ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள். தேனிப் பக்கமிருந்து பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாட்டுப் பாடினார். அவருடைய தம்பி இராசையாதான் பிறகு நமக்கு இளையராஜா. ரோசம்மா மறுபடியும் ஜெயித்தார். முண்டசேரி மசோதாவின் கதி தமிழ்நாட்டு எல்லை மலையில் ஊசலாடியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

திருத்திய மசோதாவுக்கு 1959 பிப்ரவரியில் ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. ஜூன் 12ல் விமோசன சமரம் தொடங்கியது. மன்னத்து பத்மநாபன் தலைமை, கத்தோலிக்க சபை, காங்கிரஸ், முஸ்லிம் லீக் எல்லாம் ஒரே பக்கம். பள்ளிகள் மூடின. அங்கமாலியில் போலீஸ் சுட்டு ஏழு பேர் செத்தார்கள். நிலச்சீர்திருத்தக் கோபமும் இதில் கலந்திருந்தது, கல்வி மட்டும் காரணமில்லை. 1959 ஜூலை 31ல் ஆட்சி கலைக்கப்பட்டது.

1960 பிப்ரவரியில் மறுதேர்தல். கம்யூனிஸ்டுகளின் ஓட்டுச் சதவீதம் முன்னைவிடக் கூடியது, இடங்களோ 29 ஆகக் குறைந்தன. பட்டம் தாணுப்பிள்ளை முதல்வரானார். அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி 11வது பிரிவின் பல்லைப் பிடுங்கினார்கள். தகுதி உள்ளவரை மேனேஜரே நியமிக்கலாம் என்று ஆனது.

முதல் வரியை மட்டும் யாரும் தொடவில்லை. சம்பளம் அரசு கொடுக்கும். ஜெயித்தவர்களும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இன்றுவரை கேரளாவில் மானியப் பள்ளிகளின் நிலை இதுதான். சம்பளம் கஜானாவிலிருந்து, நியமனம் மேனேஜர் கையில். பேங்கில் எங்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடம், பெட்டகத்தின் இரண்டு சாவியும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்பது. அதற்காக, பணம் போடுகிறவருக்குச் சாவியே கிடையாது என்று ஒரு பெட்டகத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அதன் விலை என்ன என்பதை நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பி.காம் முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லைப் பக்கம் ஒரு கிளை. ஒரு பெரியவர் மஞ்சள் பையில் நகையோடு வந்தார். நகைக்கடன் விண்ணப்பத்தில் காரணம் 'விவசாயம்'. எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், வட்டி குறைவு.

"எந்தத் தோட்டத்துக்குங்க?" என்று சும்மா கேட்டேன்.

"தோட்டம் எங்கீங் சார். புள்ளைக்கு வாத்தியார் வேலைங்க. பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க. பத்தலீன்னா பூமியும் எழுதிக் குடுக்கோணும்" என்றார்.

எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொஞ்ச காலம் கழித்து அந்தப் பெண்ணுக்கு எங்கள் கிளையிலேயே சம்பளக் கணக்கு ஆரம்பித்தோம். அரசாங்கப் பணம் வரும், வந்த அன்றைக்கே பாதி கடனுக்குப் போகும். வருஷக்கணக்கில் அப்படித்தான் நடந்தது. அவர் நன்றாகப் படித்தவர், நல்ல டீச்சர் என்று ஊரில் சொன்னார்கள். பட்டியல் என்று ஒன்று இருந்திருந்தால் அந்த நகை வீட்டிலேயே இருந்திருக்குமோ என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். எல்லா மேனேஜரும் அப்படி இல்லை. ஒரு பைசா வாங்காமல் வேலை கொடுத்தவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் அது அவரவர் நல்ல மனசைப் பொறுத்த விஷயமாகப் போய்விட்டது.

இரண்டு பக்கமும் அன்றைக்குப் பேசாத கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு எந்த மொழியில் பாடம்? 1956லேயே அரசியல் சட்டத்தில் 350அ சேர்த்து, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யவேண்டும் என்று எழுதிவிட்டார்கள். சட்டத்தில் இருக்கிறது. வகுப்பில்?

நான் படித்தது தமிழ் மீடியம். எட்டாம் வகுப்பில் முக்கால் வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. நல்ல மனிதர், பாவம், கையால் சைகை காட்டியே அல்ஜீப்ரா நடத்தினார். அவரை அங்கே போட்டவர்களுக்குக் காலியிடம் நிரம்பியது, அவ்வளவுதான். காசர்கோட்டுக் கன்னடக்காரர்களும் கன்னடம் தெரியாத ஆசிரியர் நியமனங்களை எதிர்த்துப் போராடியிருக்கிறார்கள். 2017ல் கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தபோது நம் எல்லையிலும் கவலை எழுந்தது. மலையாளம் படிப்பதில் எனக்கு வருத்தமில்லை. படித்தேன், அதனால்தான் பிழைத்தேன். ஆனால் யாரை நியமிப்பது என்று முடிவு செய்கிறவர்தான், கடைசியில் அந்த வகுப்பில் எந்த மொழி உயிரோடு இருக்கும் என்பதையும் முடிவு செய்கிறார்.

இங்கே அமெரிக்காவிலும் சண்டை முடிந்தபாடில்லை. கென்னடி ஜெயித்தும் அவருடைய கல்வி நிதி மசோதா 1961ல் காங்கிரஸில் மாட்டிக்கொண்டது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் பணம் உண்டா இல்லையா என்பது அதில் பெரிய தகராறு, அவரே கத்தோலிக்கராக இருந்தும்! ஜான்சன் காலத்தில் 1965ல்தான் பெரிய கல்வி நிதிச் சட்டம் வந்தது. 2024 தேர்தலில் மத்தியக் கல்வித் துறையையே மூடுவேன் என்றார் டிரம்ப், விடமாட்டோம் என்றார் கமலா ஹாரிஸ். 2025 மார்ச் 20ல் மூடும் வேலையைத் தொடங்கச் சொல்லி டிரம்ப் கையெழுத்துப் போட்டார்.

மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ யாரு கரெக்ட், அப்பா?" என்றாள்.

எனக்கு ஒரு வரியில் பதில் இல்லை. "யாரு பேசினாலும் மூணு கேள்வி கேளு கண்ணு. பணம் யாரு குடுக்கறாங்க, ஆளை யாரு எடுக்கறாங்க, வகுப்புல உக்காந்திருக்கற புள்ளைக்கு அவர் பேசறது புரியுமா?" என்றேன். மூன்றாவதை அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். டீச்சர் என்ன மார்க் போட்டார் என்று இன்னும் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் அந்தக் காலத்து மானியப் பள்ளி வாத்தியார் யாராவது இருந்தால், அடுத்த முறை போன் பேசும்போது அவருடைய முதல் சம்பளக் கதையைக் கேளுங்கள். நம் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.